வாம்பயர்கள் படிக்கும் விடுதிப் பள்ளி, அங்கே ஒரு காதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் தேடிக் கொடுப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவது ஒரு குறிப்பிட்ட வகையைத்தான். மலையிலோ காட்டிலோ ஒரு போர்டிங் ஸ்கூல், அங்கே படிக்கிறவர்களில் பாதிப் பேர் மனிதர்களே இல்லை, இரத்தம் குடிக்கும் வாம்பயர்கள் மாதிரி மாயப் பிறவிகள், புதிதாக வந்து சேரும் பெண்ணுக்கு அவர்களில் ஒருவன்மேல் காதல். பிள்ளைகளும் அவர்களுடைய அம்மா அப்பாவும் ஆசிரியர்களும் என் நண்பர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கதைகளின் பெரிய திருப்பங்களைக் கூடியவரை சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

இந்த வகைன்னா சரியா எது? ட்வைலைட் இதுல வருமா?

ட்வைலைட் இதற்குப் பக்கத்து வீடு. 2005-ல் வந்த அந்த நாவலில் வாம்பயர் இருக்கிறான், பள்ளியும் இருக்கிறது, ஆனால் அது பகலில் போய் மாலையில் வீடு திரும்பும் சாதாரண அரசுப் பள்ளி. நாம் பேசுகிற வகையில் பள்ளியிலேயே தங்க வேண்டும், அந்தப் பள்ளியே மாயப் பிறவிகளுக்காக நடத்தப்படும், அல்லது அவர்களை ஒளித்து வைத்திருக்கும்.

உதாரணமாக ரிச்செல் மீட் எழுதிய 'வாம்பயர் அகாடமி' வரிசை. 2007-ல் தொடங்கி 2010-ல் ஆறு புத்தகங்களோடு முடிந்தது, கதை நடப்பது மொன்டானா மாநிலத்தில். அதே 2007-ல் பி.சி. காஸ்ட், கிறிஸ்டின் காஸ்ட் என்ற அம்மாவும் மகளும் சேர்ந்து 'ஹவுஸ் ஆஃப் நைட்' ஆரம்பித்தார்கள். ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில் நடக்கும் அந்தக் கதை 2014 வரை பன்னிரண்டு புத்தகங்கள் ஓடியது. இப்போதைய பிள்ளைகள் அதிகம் கேட்பது ட்ரேசி வுல்ஃப் 2020-ல் தொடங்கிய 'க்ரேவ்' வரிசையை. அலாஸ்காவில் டெனாலி மலைப்பக்கம், பனிக்குள் ஒரு பள்ளி.

பேய், பிசாசுன்னா பயம்தானே வரணும்? காதல் எப்படி வருது?

வாம்பயரும் காதலும் சேர்ந்தது நேற்று இன்று இல்லை. ஆங்கிலத்தில் வாம்பயரை ஒரு கவர்ச்சியான பிரபுவாகக் காட்டிய பாலிடோரியின் கதை 1819-லேயே வந்துவிட்டது. ஐரிஷ் எழுத்தாளர் லெ ஃபானு 1872-ல் புத்தகமாக்கிய 'கார்மில்லா'வில் தனிமையான ஒரு கோட்டையில் வளரும் இளம்பெண்ணுக்கும், அங்கே விருந்தாளியாக வந்து தங்கும் இன்னொரு இளம்பெண்ணுக்கும் நடுவே வரும் நெருக்கம்தான் கதையே. டிராகுலா அதற்கு இருபத்தைந்து வருஷம் கழித்து, 1897-ல்தான் வருகிறான்.

பயமும் ஈர்ப்பும் உடம்பில் ஒரே மாதிரிதான் தெரியும். நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், கண் வேறு பக்கம் திரும்பாது. முதல் காதல் வருகிற வயதில் ஒரு பெண்ணுக்கு எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. இந்தக் கதைகள் அவளைப் பிரிக்கச் சொல்வதும் இல்லை. அவன் பக்கத்தில் வந்தால் பயமாக இருக்கிறது என்றால், சரி, அவன் நிஜமாகவே ஆபத்தானவன், அவனுக்குப் பல் இருக்கிறது. அவள் உணர்வது மிகை இல்லை என்று கதையே அவளுக்காகச் சாட்சி சொல்கிறது.

அதுக்கு ஏன் எப்பப் பாரு போர்டிங் ஸ்கூல்? வீட்ல இருந்து போற ஸ்கூல்ல நடக்கக் கூடாதா?

என்னைக் கேட்டால் இந்த வகையின் உயிரே வாம்பயரில் இல்லை, பள்ளியில்தான் இருக்கிறது. வாம்பயரை எடுத்துவிட்டு ஓநாய் மனிதனையோ விழுந்த தேவதையையோ டிராகனையோ வைத்தாலும் கதை ஓடும், ஓடியும் இருக்கிறது. பள்ளியை எடுத்துப் பாருங்கள், கதை அப்படியே கலைந்துவிடும்.

வீட்டில் இருக்கும் பதினாறு வயதுப் பெண்ணின் ஒரு நாளில் அவளாக முடிவு செய்கிற விஷயம் எத்தனை? சாப்பாடு, தூக்கம், யாரோடு பேசலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், எல்லாமே வேறு யாரோ முடிவு செய்தவை. விடுதிப் பள்ளியிலும் விதிகள் உண்டு, வீட்டைவிட அதிகமாகவே உண்டு, ஆனால் அவை எல்லோருக்கும் பொதுவான, எழுதி ஒட்டப்பட்ட விதிகள், மீறினால் என்ன தண்டனை என்பது முன்கூட்டியே தெரியும். அம்மாவின் முகவாட்டத்தை மீறுவதற்கும் இரவு பத்து மணிக்கு விளக்கணைக்கும் விதியை மீறுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முன்னதில் குற்ற உணர்ச்சிதான் மிச்சம். பின்னதில் மாட்டிக்கொள்ளாமல் மாடிப்படி இறங்குவது எப்படி என்ற சாகசம் இருக்கிறது.

அடுத்து, அங்கே ஓடி ஒளிய இடம் கிடையாது. காலையில் யாரோடு சண்டை போட்டாளோ அவளோடுதான் மதியம் சாப்பிட வேண்டும், ராத்திரி அதே அறையில் படுக்க வேண்டும். காதலித்தவன் எதிர் வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நகர வாழ்க்கையில் நாலு மாதம் இழுக்கக்கூடிய ஒரு கதை இங்கே நாலு நாளில் நடந்து முடிந்துவிடும். காதல் கதை எழுதுகிறவருக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

இடத்தின் தோற்றமும் முக்கியம். பழைய திகில் நாவல்களில் கோட்டை செய்த வேலையை இங்கே பள்ளிக் கட்டடம் செய்கிறது. பூட்டிக் கிடக்கும் மாடி, போகக்கூடாத நூலகப் பகுதி, கல் சுவர், கோபுரம். 2009-ல் வந்த 'ஃபாலன்' நாவலில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரத்துப் பக்கம் ஒரு சீர்திருத்தப் பள்ளி வரும். சேர்ந்த அன்றே கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார்கள், எங்கும் கண்காணிப்புக் கேமரா. கைப்பேசி போய்விட்டால் கதாநாயகி யாரையும் கூப்பிட முடியாது, எதையும் தேடிப் பார்க்க முடியாது. 1847-ல் வந்த 'ஜேன் அயர்' நாவலின் கதாநாயகி லோவுட் பள்ளிக்குப் போனபோது இருந்த அதே நிலைமைக்கு 2009-ன் பெண்ணையும் கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.

அமெரிக்காவுல அத்தனை பேரா ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறாங்க?

இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தினமும் பள்ளிக்குப் போய் மத்தியானமே வீடு திரும்புகிறவர்கள். போர்டிங் ஸ்கூல் என்பது அங்கே வசதியான சின்னக் கூட்டத்துக்கு மட்டுமே பழக்கம். அதனால் அந்த வாசகர்களுக்கு வாம்பயர் எவ்வளவு தூரமோ, விடுதிப் பள்ளியும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்.

இந்த ஆசை பிரிட்டனிலிருந்து வந்தது. 1857-ல் வெளியான டாம் பிரௌன் கதையிலிருந்து அங்கே பள்ளிக்கதைகளுக்கு ஒரு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. எனிட் பிளைட்டனின் மாலரி டவர்ஸ் கதைகள் 1946-லிருந்து 1951 வரை வந்தன, அவை சென்னையிலும் கொழும்பிலும் வாடகை நூலகங்களில் கை மாறிக் கை மாறி அட்டை கிழிந்து கிடந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். நள்ளிரவில் திருட்டுத்தனமாகக் கேக் சாப்பிடும் அந்தக் காட்சிகளைப் படித்த தலைமுறைக்கு, அதே நள்ளிரவில் நடைபாதையில் ஒரு வாம்பயர் வருவது பெரிய மாற்றமாகத் தெரியாது.

நான் நாமக்கல் பக்கம் ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல படிச்சவ. காலைல அஞ்சு மணிக்கு ஸ்டடி, ராத்திரி பதினொன்னு வரைக்கும் ஸ்டடி. அங்க ஒரு மண்ணும் நடக்கல. ஆனாலும் எனக்கு ஏன் இந்தக் கதை பிடிக்குது?

நடக்காததால்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சுவர்களும் மணியும் வார்டனும் உங்களுக்குத் தெரிந்தவை. சுவருக்குள் உங்களுக்குக் கிடைத்தது மார்க் மட்டும். இந்தக் கதைகளில் அதே சுவருக்குள் ஒரு பெண் தன்னிடம் என்ன சக்தி இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறாள், அதற்கென்றே ஒரு வகுப்பு இருக்கிறது, அவளுடைய ரேங்க்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. உங்களைப் போல விடுதியில் இருந்த பலரும் என்னிடம் சொன்னது, பக்கத்துக் கட்டில் தோழியைப் பற்றி. விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் குசுகுசுவென்று பேசியது, வீட்டு நினைவு வந்து அழும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டது. ஒரு மண்ணும் நடக்கவில்லை என்று நீங்கள் சொல்லும் அந்த இரண்டு வருஷத்திலும் இதுவாவது நடந்திருக்கும். கதையில் அது அப்படியே வருகிறது.

காதலை எடுத்துட்டா இந்தக் கதைகள்ல மிச்சம் என்ன இருக்கு?

நட்பு. 'வாம்பயர் அகாடமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஸ் பாதி மனிதப் பெண், காவலாளியாகப் பயிற்சி எடுக்கிறவள். லிஸா அவள் காக்க வேண்டிய அரச குலத்து வாம்பயர். ரோஸால் லிஸாவின் மனதுக்குள் புகுந்து அவள் கண் வழியாகப் பார்க்க முடியும். தோழிக்கு வலித்தால் தனக்கும் வலிக்கும் என்று நாம் சும்மா சொல்வோம், அங்கே அது நிஜமாகவே நடக்கிறது. ரோஸுக்கும் அவளுடைய பயிற்சியாளன் டிமித்ரிக்கும் வருகிற காதலுக்குக் குறுக்கே நிற்பதும் இந்தக் காவல்தான். இருவருமே லிஸாவைக் காக்க வேண்டியவர்கள். ஆபத்து வரும்போது லிஸாவை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் காப்பாற்றப் பாய்ந்துவிடுவோமோ என்ற பயம்தான் அவர்களைத் தள்ளி நிறுத்துகிறது. காதலா கடமையா என்பது பழைய கேள்வி, ஆனால் கடமை என்பது ஒரு தோழியின் உயிர் என்று ஆகும்போது அதன் கனமே வேறு. எனக்கு இந்த வரிசையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

எல்லாக் கதையிலயும் பொண்ணுக்கு அப்பா அம்மா செத்துடறாங்க, இல்ல காணாமப் போயிடறாங்க. ஏன் இப்படி?

ஒரு காரணம் வெறும் வசதி. பெற்றோர் இருந்தால் முதல் வாம்பயர் கடித்த அன்றே வந்து டிசி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. 'க்ரேவ்' கதையின் கிரேஸ், பெற்றோர் இறந்த பிறகு சான் டியேகோவின் வெயிலை விட்டு மாமா நடத்தும் பள்ளிக்காக அலாஸ்கா பனிக்குப் போகிறாள். லிப்பா ப்ரே 2003-ல் எழுதிய நாவலின் ஜெம்மா டாயில், 1895-ல் பம்பாயில் அம்மாவை இழந்து, லண்டன் பக்கம் ஸ்பென்ஸ் என்ற பெண்கள் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். இரண்டு பேருமே துக்கத்தோடு வந்து இறங்குகிறார்கள். அம்மா இருந்த உலகத்தில் தெரியாத ஏதோ ஒன்று இந்தப் புது இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. மரணத்தை முதல்முறை பக்கத்தில் பார்த்த பிள்ளைக்கு உலகம் உண்மையிலேயே அப்படித்தான் மாறிப்போகும். பிறகு, இந்த வகைக் கதைகள் பலவற்றில், அவள் சாகாத ஒருவனைக் காதலிக்கிறாள். ஒவ்வொருவராக இழந்தவளுக்கு, இழக்கவே முடியாத ஒருவன். இதைப் படித்துவிட்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும், அவர்களில் சிலர் தங்கள் வீட்டில் யாரையோ இழந்தவர்கள்.

எல்லாப் புத்தகமும் ஒரே கதைதானே? புதுப் பொண்ணு, முறைக்கிற பையன், ரகசியம். போர் அடிக்காதா?

முதல் ஐம்பது பக்கங்கள் ஒரே மாதிரி இருப்பது உண்மை. வாசகர்களும் அதைத் தெரிந்தே வருகிறார்கள். வித்தியாசம், ஒவ்வொரு பள்ளியும் என்ன விலை கேட்கிறது என்பதில் இருக்கிறது. 'ஹவுஸ் ஆஃப் நைட்'டில் மாணவர்கள் எல்லோரும் வாம்பயராக மாறிக்கொண்டிருக்கிறவர்கள், ஆனால் எல்லோருடைய உடம்பும் அந்த மாற்றத்தைத் தாங்காது. தாங்காதவர்கள் பள்ளியிலேயே இரத்தம் கக்கிச் செத்துப்போவார்கள், மறுநாள் வகுப்பு வழக்கம்போல நடக்கும். பருவ வயதில் உடம்பு தன் பேச்சைக் கேட்காமல் மாறுவதைப் பார்த்துப் பயப்படாத பிள்ளை உண்டா? பி.சி. காஸ்ட் பல வருஷம் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர், அந்தப் பயத்தைத் தினமும் வகுப்பில் பார்த்திருப்பார்.

நவோமி நோவிக் 2020-ல் தொடங்கிய மூன்று நாவல்களில் பள்ளிக்கு ஆசிரியர்களே இல்லை, மாணவர்களை அரக்கர்கள் தின்னப் பார்க்கின்றன, உயிரோடு வெளியே போவதுதான் பரீட்சை. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் கூட்டணி போட்டுப் பிழைத்துக்கொள்கிறார்கள், மற்றவர்கள் அவர்களிடம் இடம் கேட்டு நிற்க வேண்டும். கதாநாயகியின் அப்பா மும்பைப் பக்கத்துக் குடும்பம். அங்கேயும் காதல் உண்டு. ஒரே அச்சு என்று சொல்லி இதை ஒதுக்கினால் இழப்பு நமக்குத்தான்.

ஜப்பானில் மாட்சுரி ஹினோ வரைந்த 'வாம்பயர் நைட்' மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 2004-லிருந்து 2013 வரை வந்தது. ஒரே வளாகத்தில் பகல் வகுப்பு மனிதர்களுக்கு, இரவு வகுப்பு வாம்பயர்களுக்கு. இரண்டு கூட்டமும் வாசலில் எதிரெதிரே கடந்துபோகும் சாயங்கால வேளைதான் கதையின் முக்கிய இடம். இவ்வளவு எளிமையான, அழகான ஓர் ஏற்பாட்டை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

என் பொண்ணு ஒரே வாரத்துல நாலு புக் முடிச்சிட்டா, சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறா. கவலைப்படணுமா?

படிப்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். இவை நிறுத்த முடியாதபடி எழுதப்பட்டவைதான், ஒவ்வொரு அத்தியாயமும் கதவைத் திறந்த இடத்திலேயே முடியும், வரிசையும் நீளம். அவள் நாலு புத்தகம் முடித்திருக்கிறாள் என்றால் ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஆங்கிலம் படித்திருக்கிறாள், யாரும் சொல்லாமல்.

அவளிடம் யாரைப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று கேளுங்கள். பரீட்சை மாதிரி இல்லாமல், சாதாரணமாக. என்ன பதில் வந்தாலும் உடனே திருத்தாதீர்கள். அடுத்த இரண்டு கேள்விகளையும் படித்துவிட்டுப் பேசினால் இன்னும் நல்லது.

பையனுக்கு நூறு வயசு, பொண்ணுக்குப் பதினேழு. இதை எப்படி ஏத்துக்கறது?

நியாயமான கேள்வி, இதை மழுப்பக் கூடாது. ட்வைலைட்டில் எட்வர்ட் பிறந்தது 1901-ல், பெல்லாவுக்குப் பதினேழு. தோற்றத்தில் பதினேழாகவே நின்றுவிட்டான் என்பது கதையின் சமாதானம், ஆனால் அனுபவத்தில் இருக்கிற இடைவெளி அப்படியே இருக்கிறது. பள்ளிக்கதைகளில் இது சில இடங்களில் குறைகிறது, ஏனென்றால் எல்லோரும் ஒரே வகுப்பில் படிக்கிற, இப்போதுதான் மாறுகிற பிள்ளைகள்.

வேறு சில கதைகளில் சிக்கல் கூடுகிறது. ரோஸுக்குப் பதினேழு, டிமித்ரிக்கு இருபத்து நாலு, அவன் அவளுக்குக் கற்பிப்பவன். அந்த நாவல் இதை மறைக்கவில்லை, தப்பு என்று அவனே சொல்லி விலகுகிறான், ஆனாலும் வாசகரை அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. நிஜத்தில் ஓர் ஆசிரியர் பதினேழு வயது மாணவியிடம் இப்படிப் பழகினால் அது குற்றம், இந்தியாவில் பதினெட்டுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம் இருக்கிறது. பிள்ளையிடம் இதை நேராகவே சொல்லலாம். 'ஹவுஸ் ஆஃப் நைட்'டில் பள்ளிக்கு வரும் ஓர் இளம் கவிஞன் மாணவியை வசப்படுத்துகிறான், அது சுரண்டல்தான் என்று பிறகு கதையே காட்டுகிறது. இரண்டையும் படித்த பெண்ணிடம் இதில் எது உனக்கு உறுத்தியது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உங்களைவிடத் தெளிவாகவே பதில் சொல்லுவாள்.

ராத்திரி ரூமுக்குள்ள வந்து தூங்கறதைப் பார்த்துட்டு நிக்கறது, யார்கூடப் பேசணும்னு சொல்றது, இதெல்லாம் காதலா? பிள்ளைங்க இதையே சரின்னு எடுத்துக்க மாட்டாங்களா?

காதல் இல்லை. கதைக்குள் அது அக்கறையாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே ஆபத்து நிஜம். வெளியே உண்மையிலேயே ஒருவன் அவளைக் கொல்லக் காத்திருக்கிறான், அதனால் காவல் நிற்பவன் நல்லவனாகிவிடுகிறான். நம் வாழ்க்கையில் அந்த ஆபத்து கிடையாது, காவல் மட்டும்தான் மிச்சம் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை ஒரு தடவை எடுத்துச் சொன்னால் போதும், பதினைந்து வயதுக்கு அது புரியும்.

எழுத்தாளர்களும் மாறியிருக்கிறார்கள். 2005-ஐ ஒட்டி வந்த கதைகளில் பையன் முடிவெடுத்தான், பெண் ஏங்கினாள். அண்மையில் வருகிறவற்றில் தொடுவதற்கு முன் கேட்பதும், அவள் வேண்டாம் என்றால் விலகுவதும் கூடியிருக்கின்றன. ஆனாலும் முரட்டுத்தனத்தையே கவர்ச்சியாக விற்கிற புத்தகங்கள் இன்னும் வருகின்றன, அட்டையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் நூறு பக்கம் நீங்களும் படித்துவிடுங்கள்.

எந்த வயசுக்கு எது?

பொதுவாகப் பதிமூன்றுக்கு மேல் என்று அட்டையில் போடுவார்கள், அது ரொம்ப அகலமான கணக்கு. 'வாம்பயர் அகாடமி', 'ஹவுஸ் ஆஃப் நைட்' இரண்டிலும் மது, உடலுறவு, சாவு எல்லாம் வரும், நான் பதினைந்து பதினாறுக்குக் கீழ் கொடுப்பதில்லை. 2022-ல் வந்த 'வெனஸ்டே' தொடரின் நெவர்மோர் பள்ளி பிடித்துப்போய் வருகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நேராக இவற்றுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

குறிப்பாக ஒன்று. 2023-ல் வந்த 'ஃபோர்த் விங்'கிலும் டிராகனும் கல்லூரி விடுதியும் காதலும் உண்டு, கடைகளில் அது பல நேரம் இவற்றோடு சேர்த்தே அடுக்கப்பட்டிருக்கும். அது பெரியவர்களுக்கான நாவல். பதினாலு வயதுக்கு வாங்கித் தராதீர்கள்.

ஆம்பளைப் பசங்க இதைப் படிக்க மாட்டாங்களா?

படிக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. அட்டையில் பெண்ணின் கழுத்தும் ரோஜாவும் இருந்தால் பேருந்தில் கையில் பிடிக்கக் கூச்சப்படுகிறார்கள், அதே பையனுக்கு மங்காவாகவோ தொடராகவோ கொடுத்தால் பிரச்சினையே இல்லை. உணர்ச்சிவசப்படுகிற ஆண்கள் நிறைய வரும் கதைகள் இவை, பையன்களுக்கு அது நல்லது.

எனக்கு நாற்பது ஆகப்போகுது, நானும் ஒளிஞ்சு ஒளிஞ்சு படிக்கறேன். சரிதானா?

ஒளிய வேண்டாம், உங்களுக்குக் கூட்டம் இருக்கிறது. போக்கர் என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வு நிறுவனம் 2012-ல் வெளியிட்ட கணக்குப்படி, இளையோருக்கு என்று அச்சிடப்பட்ட புத்தகங்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். அதில் பெரிய பங்கு 30 முதல் 44 வயதுக்காரர்கள், அவர்களும் பெரும்பாலும் தாங்கள் படிக்கவே வாங்கினார்கள். பதினாறு வயதில் எடுக்க முடியாமல்போன முடிவுகளைப் பார்க்கிற ஆசை எத்தனை வயதானாலும் போகாது.

நடுவுல இந்த மோகம் அடங்கிப்போச்சே, இப்ப ஏன் திரும்ப வருது?

2010-க்குப் பிறகு சந்தை நிரம்பி வழிந்தது, பதிப்பகங்கள் சர்வாதிகார எதிர்காலக் கதைகள் பக்கம் போய்விட்டன. 2014-ல் 'வாம்பயர் அகாடமி' படமாக வந்து தோற்றது. 2022-ல் தொடராக எடுத்தார்கள், அதுவும் ஒரு சீசனோடு நின்றது.

படிப்பது மட்டும் நிற்கவில்லை. வாட்பேட் போன்ற தளங்களில் பிள்ளைகளே ஓநாய் மனிதர் கதைகளை எழுதி ஒருவருக்கொருவர் படித்துக்கொண்டிருந்தார்கள். 'க்ரேவ்' வெளியானது 2020 ஏப்ரலில், உலகம் முழுக்கப் பள்ளிகள் பூட்டிக் கிடந்த நேரம். நண்பர்களோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் பள்ளி என்பது அந்த வருஷம் மாயப் பிறவிகளைவிடப் பெரிய கனவாக இருந்திருக்கும்.

இரத்தம், குலம், யார் யாரைக் கட்டிக்கலாம்னு சட்டம். படிக்கும்போது நம்ம ஊர் ஜாதி மாதிரியே தோணுது. அதிகமா யோசிக்கறேனா?

இல்லை, சரியாகத்தான் படிக்கிறீர்கள். 'வாம்பயர் அகாடமி'யில் பன்னிரண்டு அரச குடும்பங்கள் இருக்கின்றன, பாதி மனிதர்கள் அவர்களுக்காக உயிரைக் கொடுக்கவே வளர்க்கப்படுகிறார்கள், அவர்கள்தான் முதலில் என்பதே காவலாளிகளின் மந்திரம். காவல் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளை வளர்க்கப் போகும் பாதி மனிதப் பெண்களுக்கு அந்தச் சமூகத்தில் கேவலமான பெயர். இவை எல்லாம் அமெரிக்க வாசகருக்குக் கற்பனை உலகத்தின் விதிகள். ஆணவக் கொலைச் செய்திகளைப் பேப்பரில் படித்து வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றாது. இந்த வகைக் கதைகளைத் தமிழ்ப் பிள்ளைகளோடு பேசும்போது நான் தவறாமல் எடுப்பது இந்த இடத்தைத்தான், ஏனென்றால் தங்கள் வீட்டைப் பற்றி நேராகப் பேசத் தயங்குகிற பெண்கள் லிஸாவையும் ரோஸையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

விடுதிப் பள்ளின்னாலே சந்தோஷமான இடம் மாதிரி காட்டறாங்களே, அது உண்மையா?

எல்லோருக்கும் இல்லை. இந்தக் கதைகள் நடக்கிற அதே மண்ணில் வேறு ஒரு விடுதிப் பள்ளி வரலாறு இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிகள். பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளி 1879-லிருந்து 1918 வரை நடந்தது. அமெரிக்க உள்துறை 2022-ல் வெளியிட்ட அறிக்கை 1819-க்கும் 1969-க்கும் நடுவே இருந்த 408 பள்ளிகளைக் கணக்கெடுத்தது. அவற்றில் 76 ஓக்லஹோமாவில், 21 அலாஸ்காவில்.

'ஹவுஸ் ஆஃப் நைட்' நடப்பது ஓக்லஹோமாவில், அதன் கதாநாயகி ஸோயியின் பாட்டி செரோக்கி இனத்தவர். 'க்ரேவ்' நடப்பது அலாஸ்காவில். வீட்டை விட்டுத் தூரமாய் வேறு பிறவியாக மாற்றப்படும் பிள்ளை என்பது அங்கே சிலருடைய குடும்ப நினைவு. மூன்றாவது கேள்வியில் நான் சொன்ன சுதந்திரம் எல்லாம், தானாக விரும்பிப் போகிற, அல்லது போன இடத்தில் மதிக்கப்படுகிற பிள்ளைக்குத்தான். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு படித்தால் கதையின் இன்பம் குறையாது, சில பக்கங்களில் மட்டும் நின்று நின்று போக வேண்டியிருக்கும்.

நானே இப்படி ஒண்ணு எழுதணும். முதல்ல எதை யோசிக்கணும்?

பள்ளியின் கால அட்டவணையை எழுதுங்கள். மணி எப்போது அடிக்கும், இரத்தம் குடிக்கிறவர்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது, யார் சமைக்கிறார்கள், கட்டணம் யார் கட்டுகிறார்கள், பூட்டிய அறையின் சாவி யாரிடம். இதெல்லாம் தெரிந்துவிட்டால் மீறுவதற்கு ஒரு விதி தானாகக் கிடைக்கும், கதை அங்கேதான் தொடங்கும். பையனைக் கடைசியில் யோசியுங்கள். தோழியை முதலில் யோசியுங்கள்.

இடத்தையும் கடன் வாங்காதீர்கள். அலாஸ்காவை நீங்கள் பார்த்ததில்லை என்றால் பனியை எழுத வேண்டாம். ஏற்காட்டு மூடுபனியோ உங்கள் விடுதி மாடியின் தண்ணீர்த் தொட்டியோ தெரியும் என்றால் அதையே எழுதுங்கள்.

சரி, ஒரு புக் சொல்லுங்க. எதுல ஆரம்பிக்கட்டும்?

பதினாறு தாண்டியிருந்தால் 'வாம்பயர் அகாடமி'. பழைய காலக் கதை பிடிக்கும் என்றால், பம்பாயில் தொடங்கும் லிப்பா ப்ரேயின் ஜெம்மா டாயில் கதை, மூன்றே புத்தகங்கள். காதல் கொஞ்சம் கம்மியாக, மூளைக்கு வேலை அதிகமாக வேண்டும் என்பவர்களுக்கு நோவிக். படிக்கவே நேரமில்லை, படம் பார்த்தால் போதும் என்றால் 'வாம்பயர் நைட்' அனிமேயாகவும் இருக்கிறது.

எதை எடுத்தாலும் வரிசை மாற்றாதீர்கள், இணையத்தில் கதாபாத்திரங்களின் பெயரைத் தேடாதீர்கள், முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிடுவார்கள். 'வாம்பயர் அகாடமி' என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது புத்தகத்தைப் பரீட்சைக்கு முந்தின வாரம் தொடங்காதீர்கள், தொடங்கினால் நாலாவது கையில் இருக்கட்டும்.